பச்சைப் பொட்டு வைத்த டிரையர்கள்

முத்துசெல்வி இலஞ்சிக்காரி. தென்காசியில் எபனேசர் அண்ணாச்சியின் பட்டறைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அந்தப் பட்டறையில் ஃப்ரிட்ஜுக்கும் ஃப்ரீசருக்கும் டிரையர் செய்தார்கள். டிரையர் என்பது விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் குழாய். உள்ளே ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் இருக்கும். மெஷினுக்குள் சுற்றும் கேஸில் ஈரம் இருந்தால் அந்த மணிகள் குடித்துவிடும்.

குழாயின் ஒரு முனையில் பெரிய கண் வலை, மறுமுனையில் பொடிக்கண் வலை. கேஸ் பெரிய கண் வழியாக நுழைந்து பொடிக்கண் வழியாக வெளியேற வேண்டும். மாற்றி வைத்துவிட்டால் மணிகள் ஒன்றோடொன்று உரசி உதிர்க்கிற மாவு பெரிய கண்ணைத் தாண்டிப் போய், அதற்கடுத்த நூல் மாதிரிக் குழாயை அடைத்துக்கொள்ளும். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், குளிர்ச்சி மட்டும் வராது. மூடி ஒட்டிய பிறகு வெளியே இருந்து பார்த்தால் இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பொடிக்கண் முனையில் ஊசி குத்தின அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. அதை விரலால் தடவிப் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து அம்புக்குறி போட வேண்டும். அதுதான் மார்க்கிங் மேசை வேலை. மாட்டுகிற மெக்கானிக் பள்ளத்தைத் தேட மாட்டான். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் வைத்துக் குழாயோடு பற்ற வைத்துவிட்டுப் போவான்.

முத்துசெல்வி அந்த மேசைக்கு வருவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் உள்ளறையில் மணி நிரப்பினவள். அடுப்பில் வறுத்தெடுத்த மணியைச் சூடு ஆறுவதற்குள் குழாயில் போட்டு மூட வேண்டும். ஃபேன் போடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வந்துவிடும். மணித்தூசி ஈரத்தைத் தேடித் தேடிக் குடிக்கிற ஜாதி. உதடு வெடிக்கும். மூக்குக்குள் ரத்தம் காய்ந்து கட்டியாக வரும். சாப்பிடும்போது எச்சில் ஊறாமல் சோறு தொண்டையில் நிற்கும். புருஷன் பலவேசம் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிற லாரி டிரைவர். வீட்டுக்கு வருகிற நாளில், "ஒன் மொகத்தப் பாத்தா கருவாடு மாதிரி இருக்குட்டி" என்பான். அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதனால் மார்க்கிங் மேசை கிடைத்தபோது அவள் அதை வேலை மாற்றமாக நினைக்கவில்லை, உயிர் பிழைத்ததாகத்தான் நினைத்தாள். ஜன்னலை ஒட்டிய மேசை. சீசன் மாதங்களில் குற்றாலத்து மலைப்பக்கமிருந்து சாரல் காற்று நேராக முகத்தில் அடிக்கும். உதட்டு வெடிப்பு ஆறிப்போனது. அந்த நாற்காலியை விட்டு எழுந்து கக்கூஸ் போனால்கூடத் தன் துண்டை அதன்மேல் போட்டுவிட்டுத்தான் போவாள்.

அப்போதுதான் ஜெஸி வந்து சேர்ந்தாள். பாவூர்சத்திரத்துப் பெண். பாலிடெக்னிக்கில் இதே படிப்புப் படித்தவள், அப்பா படுக்கையில் கிடந்ததால் வெளியூர் வேலைக்குப் போக முடியவில்லை. எபனேசர் அவளை உள்ளறைப் பக்கமே அனுப்பவில்லை. நேராக மார்க்கிங் மேசையில் முத்துசெல்விக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டார்.

முத்துசெல்விக்கு அது முதல் நாளே வலித்தது. ஆனால் ஜெஸியை வெறுக்கிறதுக்குக் காரணம் கிடைப்பது சுலபமாக இல்லை. வாய்க்கு வாய் அக்கா என்பாள். வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டு வந்தால் பெரிய துண்டை எடுத்து முத்துசெல்வியின் டப்பாவில் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். அம்பு போடுகிறபோது வாய்க்குள் பாட்டு முணுமுணுப்பாள். பள்ளத்தைக் கண்ணால் பார்க்கவே மாட்டாள், கட்டைவிரல் பட்டதும் அம்பு விழுந்துவிடும்.

முத்துசெல்விக்கோ கண் மங்க ஆரம்பித்திருந்தது. மணி நிரப்பி நிரப்பி விரல் நுனியும் மரத்துப் போயிருந்தது. ஒரு நாள் ஜெஸி குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒங்க தட்டுல கொஞ்சம் தலைகீழா இருந்துச்சு. நான் தொடச்சு மாத்திட்டேன், நீங்க கவலப்படாதீங்க" என்றாள். முத்துசெல்வி தலையை ஆட்டினாள். நன்றியாக இருந்தது, அதைவிட அதிகமாக எரிந்தது.

அடுத்த வாரம் எபனேசர் ஒரு டிரையரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "இது யாரு போட்டது? பள்ளம் ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம்."

முத்துசெல்வி வாயைத் திறப்பதற்குள் ஜெஸி சிரித்துக்கொண்டே முந்திக்கொண்டாள். "அக்காவுக்குக் கண்ணாடி வாங்கணும் அண்ணாச்சி. அது வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். ஒண்ணுகூடத் தப்பா வெளிய போவாது."

காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். எபனேசர் முத்துசெல்வியை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ அவ போட்டத நீ பாக்குத, அதுக்கு எதுக்கு எனக்கு ரெண்டு ஆளு?" என்றார். அன்றைக்கே ஒரு புது ஏற்பாடு செய்தார். அம்புக்குப் பக்கத்தில் அவரவர் பொட்டு வைக்க வேண்டும். முத்துசெல்விக்குச் சிவப்பு, ஜெஸிக்குப் பச்சை. "ஆடி முடியட்டும். மேசையில ஒரு ஆளு போதும். இன்னொரு ஆளு உள்ள போயிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே போகப்போகிற ஆள் யார் என்று சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

முத்துசெல்வி அதன்பிறகு சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளறைக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த வறட்சி மூக்கில் ஏறியது.

ஒரு மத்தியானம் ஜெஸி அப்பாவுக்கு மருந்து வாங்க மெடிக்கல் வரைக்கும் போயிருந்தாள். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துசெல்வி மை அழிக்கிற தின்னரில் துணியை நனைத்தாள். பச்சைப் பொட்டுத் தட்டிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து, பொட்டை விட்டுவிட்டு அம்பை மட்டும் துடைத்து, எதிர்ப்பக்கம் பார்த்து மறுபடி போட்டாள். கண் மங்கினாலும் அந்த வேலை சுத்தமாக இருந்தது. சாயங்காலம் எபனேசர் தட்டுக்கு நாலைந்து எடுத்துச் சோதித்துப் பார்ப்பார். பச்சைப் பொட்டுக்காரியும் தப்புப் போடுவாள் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். அவள் நினைத்தது அவ்வளவுதான்.

ஆனால் சாயங்காலத்துக்கு முன்பே அருமைநாயகம் வந்து நின்றார். செத்தவர்களைக் கிடத்துகிற ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். ஒரு பெட்டி ரிப்பேர், மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான் என்று அவசரப்பட்டார். எபனேசர் கையை நீட்டிப் பச்சைத் தட்டின் மேலே கிடந்ததில் இரண்டை எடுத்தார்.

"அண்ணாச்சி, செவப்புத் தட்டுல இருந்து எடுங்களேன்" என்றாள் முத்துசெல்வி.

"ஏன், இதுக்கு என்ன?"

சொல்லியிருக்கலாம். இன்னும் சோதிக்காதது என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட அவர் தடவிப் பார்த்திருப்பார். "ஒண்ணுமில்ல, அது முன்னாடி போட்டது, அதான்" என்றாள். எபனேசர் இரண்டையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அருமைநாயகத்தின் வண்டி போனதும் முத்துசெல்வி மறுபடி தின்னர் துணியை எடுத்தாள். தட்டில் மிச்சம் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்து, பழையபடி சரியான பக்கத்துக்கு அம்பு போட்டு வைத்தாள். ஜெஸி திரும்பி வந்து, "அக்கா, நீங்க இன்னும் சாப்பிடலியா?" என்று கேட்டாள்.

ஆனி மாதம் வடகரையில் தாணுமாலயன் காலையில் எழுந்து வயலுக்குப் போனவர் வரப்பிலேயே விழுந்து இறந்தார். நெல்லும் தென்னையுமாக வசதியான குடும்பம். ஒரே மகன் விஜயசங்கர் கத்தாரில் இருந்தான். மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர முடியும். சொந்தக்காரர்கள் அன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். தாணுமாலயனின் மனைவி கல்யாணசுந்தரி ஒத்துக்கொள்ளவில்லை. "எம்மவன் வந்து மொகத்தப் பாக்கணும். பெட்டி கொண்டாங்க" என்று ஒரே பிடியாக நின்றாள்.

அருமைநாயகத்தின் பெட்டி குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வடகரைக்குப் போனது. உள்ளே மணிகள் உரசி மாவு கொட்டியிருக்க வேண்டும். முதலில் குளிர்ந்தது. விடிந்து பார்க்கும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடி மூடிக்குள் வேர்த்து நீர் வழிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். வேறு பெட்டி தேடினார்கள், சுற்று வட்டாரத்தில் ஒன்றும் சும்மா இல்லை. ஐஸ் கட்டி வாங்கி அடுக்கினார்கள். அதெல்லாம் காலம் கடந்த வேலை.

விஜயசங்கர் வந்து இறங்கியபோது வீட்டு வாசலில் நின்றவர்கள் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முகத்தை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். துணியை எடுக்கப் போனவனின் கையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "வேண்டாம் ராசா. பழைய மொகமே ஒன் மனசுல இருக்கட்டும்." கால் இரண்டையும் தொட்டுக் கும்பிட்டான். உடனே எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே வீட்டுக்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கல்யாணசுந்தரி பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் மனுஷன் லட்சணமாகப் போயிருப்பார் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். மகனும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அருமைநாயகம் பெட்டியை எடுக்க வந்தபோது விஜயசங்கர் விடவில்லை, மாட்டுத்தொழுவத்தில் தள்ளிப் பூட்டினான். மெக்கானிக்கை வரவழைத்துப் பிரித்துப் பார்க்கச் சொன்னான். குழாயை அறுத்ததும் வெள்ளை மாவு கொட்டியது. டிரையரைத் தடவிப் பார்த்த மெக்கானிக், அம்பு தப்பு என்றான். பக்கத்தில் பச்சைப் பொட்டு இருந்தது.

"இந்தப் பொட்டு வச்சவங்கள இங்க கூட்டிட்டு வாங்க" என்றான் விஜயசங்கர். "இல்லேன்னா ஒங்க பெட்டி ஒண்ணுகூட இந்தப் பக்கத்துல எங்கயும் எறங்காது."

அருமைநாயகம் எபனேசரிடம் ஓடினார். எபனேசர் பட்டறையில் இருந்த மீதிப் பச்சைப் பொட்டையெல்லாம் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. "அப்ப அது மட்டும் எப்படிட்டி மாறிச்சு?" என்று ஜெஸியிடம் கத்தினார். வடகரைக்கு நான் ஒருத்தியாக வரமாட்டேன் என்று அவள் அழுததால், பொம்பளைத் துணைக்கு முத்துசெல்வியையும் காரில் ஏற்றினார்.

வடகரை வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணசுந்தரி நிலைப்படியில் சாய்ந்திருந்தாள். வந்தவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. விஜயசங்கர் அந்த டிரையரை ஜெஸியின் உள்ளங்கையில் வைத்தான்.

"பச்சப் பொட்டு யாருது?"

"என்னுதுதான் சார்."

"அம்பு சரியா இருக்கா, பாத்துச் சொல்லு."

ஜெஸியின் கட்டைவிரல் முனையைத் தடவியது. இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். "தப்பா இருக்கு சார்."

மெக்கானிக்கிடமிருந்து வாங்கி அம்பை அழித்து வைத்திருந்த டிரையர்களை அவன் ஒவ்வொன்றாக நீட்டினான். "இதுக்கு எந்தப் பக்கம்? இதுக்கு? இதுக்கு?" அவள் அழுதுகொண்டே தடவித் தடவிக் காட்டினாள். மெக்கானிக் ஒவ்வொரு தடவையும், "கரெக்ட்" என்றான்.

விஜயசங்கர் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினான். "பாத்தீங்களா, அழுதுக்கிட்டே சரியாச் சொல்லுதா. இவ்வளவு தெரிஞ்சவளுக்கு எங்கப்பா படுக்குற பெட்டிக்கு மட்டும் எப்படி மாறும்? ஃபோனப் பாத்துக்கிட்டுப் போட்டியா? இல்ல, பொணப் பெட்டிதானேன்னு போட்டியா?"

ஜெஸி முத்துசெல்வியின் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் போடும்போது நீங்க எதுக்கதான இருந்தீங்க. நான் தடவிப் பாத்துத்தான போட்டேன்? சொல்லுங்கக்கா."

எல்லாரும் முத்துசெல்வியைப் பார்த்தார்கள். ஜெஸியின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தன. முத்துசெல்விக்கு உள்ளறையின் வறட்சி தொண்டையில் ஏறி நின்றது. "நான் என் வேலையப் பாப்பேனா, ஒன் கையப் பாப்பேனா?" என்றாள். கையை விடுவித்துக்கொண்டாள்.

விஜயசங்கர் தொழுவத்தைத் திறந்து பெட்டியை வெளியே இழுக்கச் சொன்னான். யாரும் கழுவாத பெட்டி. மூடியைத் தூக்கினான். நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போனார்கள்.

"எங்கப்பா கெடந்த எடம். குனிஞ்சு மோந்து பாரு" என்றான்.

ஜெஸி எபனேசரைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அருமைநாயகம், "பாத்துரும்மா, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார். அவள் குனிந்தாள். குமட்டிக்கொண்டு நிமிரப் போனாள்.

நிலைப்படியில் இருந்து கல்யாணசுந்தரியின் குரல் வந்தது. புருஷன் போன பிறகு அவள் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "இன்னும் நல்லாக் குனியச் சொல்லு. மொகம் வச்ச எடம் அந்தப் பக்கம்." சொல்லிவிட்டுச் சொந்தக்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் மேல் இறங்கியிருந்த பழி இப்போது வேறு ஒருத்தியின் தலைக்கு மாறிவிட்டது, அதை அவர்களும் பார்க்கிறார்களா என்று பார்த்தாள்.

ஜெஸி மறுபடி குனிந்தாள். துப்பட்டாவிலேயே வாந்தி எடுத்தாள். கூட்டத்தில் ஒருத்தன் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தான். "மன்னிச்சிருங்கம்மா. நாந்தான் தப்பாப் போட்டேன்" என்று அவள் சொல்லும் வரை அவர்கள் விடவில்லை.

திரும்பி வருகிறபோது காருக்குள் நாற்றம் தாங்கவில்லை. எபனேசர் கண்ணாடிகளை இறக்கிவிட்டார். ஜெஸி, முத்துசெல்வியின் மடியில் சாய வந்தாள். முத்துசெல்வி நகர்ந்து ஜன்னலோரம் ஒதுங்கினாள். செங்கோட்டை தாண்டியதும் எபனேசர் முன்னால் பார்த்தபடியே, "நாளைல இருந்து நீ வராண்டாம்" என்றார்.

அந்த வீடியோ எங்கெங்கோ போயிற்று. லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்த பலவேசம் சாப்பிட்டுக்கொண்டே அதைப் போட்டுக் காட்டினான். "ஒங்க கம்பெனிப் புள்ளதான? மார்க்கெட்ல எல்லாப் பயலும் இதத்தான் பாக்கான்." வாந்தி எடுக்கிற இடம் வந்தபோது சிரித்தான்.

முத்துசெல்விக்கு அன்றைக்குத்தான் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. "அந்தப் புள்ள தப்புப் பண்ணல" என்று ஆரம்பித்தாள்.

"பின்ன யாரு பண்ணுனா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். குழம்பை எடுத்து ஊற்றினாள். "யாரு பண்ணுனான்னு யாருக்குத் தெரியும்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு அவள் அதை எங்கேயும் ஆரம்பிக்கவில்லை.

ஆடி முடிந்தது. மார்க்கிங் மேசையில் முத்துசெல்வி மட்டும் இருந்தாள். கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதன்பிறகு அவள் போட்ட அம்பில் குற்றம் வந்ததே இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை தடவிப் பார்த்துப் போடுவாள். வேலை பெருகி மறுபடி புதுப் பெண்களைச் சேர்த்தபோது எபனேசர் பழக்குகிற பொறுப்பை அவளிடமே கொடுத்தார். அவர்கள் அரட்டை அடித்தால் அவள் சொல்லுவாள்: "இங்கன ஜெஸின்னு ஒருத்தி இருந்தா. படிச்ச புள்ள. கவனமில்லாம அம்பு போட்டா. என்ன ஆச்சு தெரியுமா?" பெட்டியைத் திறந்த இடத்தைச் சொல்லும்போது பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பிறகு நாள் முழுக்கப் பேச்சு இருக்காது. முதல் தடவை சொல்லும்போது அவளுக்கு நாக்குக் குழறியது. போகப்போகச் சரளமாக வந்தது. கடைசியில் அது அப்படித்தான் நடந்தது என்று அவளே பாதி நம்பியிருந்தாள்.

போன வருஷம் புரட்டாசி வாக்கில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் முத்துசெல்வி நின்றுகொண்டிருந்தபோது யாரோ, "அக்கா" என்று கூப்பிட்டார்கள். ஜெஸி. மெலிந்திருந்தாள். அப்பா இறந்துவிட்டாராம். பேசி வைத்திருந்த கல்யாணம் அந்த வீடியோவோடு நின்றுபோய், சிவகிரியில் அத்தை வீட்டில் இருந்து ஒரு ஜவுளிக்கடைக்குப் போகிறாளாம்.

"கண்ணாடி போட்டுட்டீங்க, நல்லா இருக்குக்கா" என்றாள். "அக்கா, எனக்கு இன்னும் வெளங்கவே இல்ல. நான் தடவிப் பாத்துத்தான் போட்டேன், வெரலுக்கு ஞாபகம் இருக்கு. பின்ன எப்படி மாறிச்சு?"

கேட்டவளின் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. முத்துசெல்விதான் சொல்லக்கூடியவள் என்று நம்பிக் கேட்டாள்.

"ஒங்கப்பாவுக்கு முடியாம இருந்துச்சுல்லா. மனசு எங்கனயாவது போயிருக்கும்ட்டி" என்றாள் முத்துசெல்வி.

ஜெஸி தலையை ஆட்டினாள். "அப்படித்தான் இருக்கும். அதுல இருந்து என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்லக்கா. அடுப்ப அணைச்சிட்டு மூணு தடவ வந்து பாக்கேன். கடையில துணிய அளந்தா இன்னொரு ஆளக் கூப்ட்டு அளக்கச் சொல்லுதேன். மொதலாளி ஏசுதாரு. இந்த மாசத்தோட நிப்பாட்டிருவார்னு நெனைக்கேன்."

பஸ் ஒன்று வந்து நின்றது. நெற்றியில் சிவகிரி என்று பெரிதாக எழுதியிருந்தது. ஜெஸி எழுத்துக் கூட்டுவதுபோல அதை அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, இது சிவகிரி போறதுதான?"

"ஆமா, ஏறு" என்றாள் முத்துசெல்வி.

ஜெஸி படியில் ஒரு காலை வைத்தாள். பிறகு இறங்கி, முன்பக்கம் போய்க் கண்டக்டரிடம் அதையே கேட்டுவிட்டு வந்து ஏறினாள்.